கூட்டாகச் சொத்து வைத்திருப்பது எப்படி? பத்திரம் எழுதுவதிலிருந்து பாகம் பிரிப்பதுவரை முழுமையான வழிகாட்டி

கணவன் மனைவி பெயரில் ஒரு வீடு. அக்காவும் தம்பியும் பணம் போட்டு வாங்கிய மனை. அப்பா காலமானபின் நான்கு பிள்ளைகள் பெயரிலும் ஏறிய கூட்டுப் பட்டா. பேச்சில் மூன்றையுமே ‘கூட்டுச் சொத்து’ என்கிறோம். ஆனால் ஒருவர் இறந்தாலோ, ஒருவர் மட்டும் விற்க நினைத்தாலோ, மூன்றிலும் நடப்பது வேறு வேறு.

சேர்ந்து வாங்கும்போது விலையைப் பேசுகிறோம், வங்கிக் கடனைப் பேசுகிறோம், பதிவுக்கு நல்ல நாள் பார்க்கிறோம். யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் போய்விட்டால் அவர் பங்கு யாருக்கு, ஒருவருக்கு விலக வேண்டுமென்றால் என்ன வழி என்பதை மட்டும் பேசுவதில்லை. ‘நமக்குள்ள என்ன கணக்கு’ என்று யாராவது சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். நீங்கள் கணக்கை எழுதாமல் விட்டால் சட்டம் தன் கணக்கைப் போட்டுக்கொள்ளும். இந்த வழிகாட்டி இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டுப் பதிவு, பட்டா நடைமுறையையும் வைத்து எழுதியது.

படி 1: சொத்து எப்படி வந்தது என்று பாருங்கள்

தாய்ப்பத்திரம், அதற்குப் பின் வந்த எல்லாப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), பட்டா ஆகியவற்றை எடுத்து வையுங்கள். உரிமையாளர்களில் யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். கிரையம், செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் அன்பின் பேரில் எழுதிக்கொடுப்பது), உயில், வாரிசுரிமை, பூர்வீகம் என்று எந்த வழியில் சொத்து உங்களிடம் வந்தது என்பதில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது.

பட்டாவை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. உரிமையைத் தீர்மானிப்பது பத்திரமும் வாரிசுரிமைச் சட்டமும்தான். கூட்டுப் பட்டாவில் நான்கு பெயர் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு என்று அர்த்தமில்லை. அதில் ஒரு பெண்ணின் பெயர் விடுபட்டிருந்தால் அவர் பங்கு போய்விட்டது என்றும் அர்த்தமில்லை.

படி 2: எந்த வகை என்று அடையாளம் காணுங்கள்

முதல் வகை, பங்கு தெரிந்த பொது உடைமை. நம் நாட்டில் இரண்டு பேர் சேர்ந்து சொத்து வாங்கினால் அநேகமாக இதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் நிலத்தில் கோடு போட்டுப் பிரித்திருக்காது. அதனால்தான் பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு இருப்பவருக்கும் சொத்தின் ஒவ்வொரு அங்குலத்திலும் உரிமை உண்டு. கிழக்குப் பக்கம் எனக்கு, மேற்குப் பக்கம் உனக்கு என்று பாகம் பிரிக்கும்வரை யாரும் சட்டப்படி சொல்ல முடியாது. தன் பங்கை அவர் விற்கலாம், தானம் கொடுக்கலாம், அடமானம் வைக்கலாம், உயில் எழுதலாம். அவர் இறந்தால் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும், மற்ற உரிமையாளருக்குப் போகாது.

பத்திரத்தில் பங்கு எழுதவில்லை என்றால்? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 45 இதற்குப் பதில் சொல்கிறது. அவரவர் தனிப் பணத்தைப் போட்டிருந்தால், போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் சமபங்கு என்று கொள்ளப்படும். 60 லட்சம் ரூபாய் மனைக்கு அக்கா 40 லட்சம், தம்பி 20 லட்சம் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். வங்கிக் கணக்கில் தடம் இருந்தால் அக்காவுக்கு மூன்றில் இரண்டு. ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் இல்லாமல், பத்திரமும் பேசாமல் இருந்தால் பாதிப் பாதி. அக்காவுக்கு 10 லட்சம் மதிப்புள்ள உரிமை கைநழுவிப் போகும்.

இரண்டாவது வகை, ஒருவர் இறந்தால் உயிரோடிருப்பவருக்கே முழுச் சொத்தும் சேரும் கூட்டுரிமை. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் கணவன் மனைவி வீடு வாங்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் வாங்குகிறார்கள். அதைப் படித்துவிட்டு நம்மூரிலும் அப்படித்தான் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இந்து சட்டத்தில் கூட்டுக் குடும்பத்துக்கு வெளியே அப்படி ஒரு உரிமை கிடையாது என்று, ஆங்கிலேயர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1896-லேயே சொல்லிவிட்டது. பத்திரத்தில் மிகத் தெளிவான வார்த்தை இல்லாதவரை நம் நீதிமன்றங்கள் முதல் வகையாகவே எடுத்துக்கொள்ளும்.

குழப்பத்துக்குக் காரணம் வங்கி. கூட்டுக் கணக்குப் படிவத்தில் ‘இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்’ என்று இருக்கும். அது வங்கி யாரிடம் பணம் கொடுக்கலாம் என்பதற்கான ஏற்பாடு. நிலத்துக்கும் வீட்டுக்கும் அது ஒட்டாது. வீட்டுவசதிச் சங்கத்தில் நியமனதாரராக (நாமினி) ஒருவர் பெயரைக் கொடுப்பதும் அப்படியே. நியமனதாரர் என்பதாலேயே அவர் உரிமையாளராகிவிட மாட்டார்.

இது குடும்பத்தில் எப்படிப் போய் முடியும் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு இந்துக் குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஆளுக்குப் பாதியாக வீடு வாங்குகிறார்கள். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார் ஆகிய நால்வரும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள். கணவரின் பாதி நான்காகப் பிரியும். ஆளுக்கு எட்டில் ஒன்று. மனைவிக்குத் தன் பாதியோடு சேர்த்து எட்டில் ஐந்து. மாமியாரிடம் எட்டில் ஒன்று. அவரும் உயில் இல்லாமல் காலமானால், அந்த எட்டில் ஒன்றில் அவருடைய மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும் பங்கு வரும். தன் சம்பளத்தில் பாதிக் கடனைக் கட்டிய வீட்டை விற்க, அந்தப் பெண் கொழுந்தனாரிடமும் நாத்தனாரிடமும் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டியிருக்கும். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலே போதும், விற்பனை மாதக்கணக்கில் இழுக்கும்.

இதைத் தடுக்க ஒரு உயில் போதும். ‘என் பாதி என் மனைவிக்கு’ என்று கணவரும், ‘என் பாதி என் கணவருக்கு’ என்று மனைவியும் தனித்தனியாக எழுதி, இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட வேண்டும். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். உயிரோடிருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வயதான தாயாரையும் பார்க்க வேண்டுமென்றால், அவருக்கு அந்த வீட்டில் ஆயுள்வரை வசிக்கும் உரிமை என்று அதே உயிலில் எழுதலாம். பங்கு சிதறாது, அவரும் தெருவில் நிற்க மாட்டார்.

மூன்றாவது வகை, பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து. இங்கே உரிமை பிறப்பிலேயே வருகிறது. 1989-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25 அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கு மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம், திருமணமானவர் ஆகாதவர் என்று பார்க்காமல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பாகம் பிரித்து முடித்திருந்தால் மட்டும் அதைத் திறக்க முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள்: 2005 திருத்தத்துக்குப் பின் கூட்டுக் குடும்பப் பங்கும் உயில் வழியோ வாரிசுரிமை வழியோதான் இறங்குகிறது. பிழைத்திருக்கும் பங்காளிகளுக்குத் தானாகச் சேர்வதில்லை.

‘தாத்தா சொத்தில் பேரனுக்குப் பங்கு’ என்று பொதுவாகச் சொல்வார்கள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956-க்குப் பின் உயில் இல்லாமல் இறந்து, அது மகனுக்கு வாரிசுரிமையில் வந்திருந்தால், அது அந்த மகனின் தனிச் சொத்து. உச்ச நீதிமன்றம் 1986-இல் சந்தர் சென் வழக்கில் சொன்னது இதுதான். மகன் உயிரோடிருக்கையில் பேரன் பங்கு கேட்க முடியாது. அந்த மகனும் அவருடைய உடன்பிறந்தவர்களும் தங்களுக்குள் முதல் வகைப் பங்குதாரர்கள். முஸ்லிம் குடும்பங்களில் பிறப்புரிமை என்பதே கிடையாது. இறப்புக்குப் பின் வாரிசுகள் அவரவருக்கு வகுக்கப்பட்ட பங்கோடு பொது உடைமையாளர்கள் ஆகிறார்கள்.

அடுக்குமாடி வீடு வாங்குபவரும் கூட்டு உரிமையாளர்தான். வீடு தனி, அடியிலிருக்கும் நிலம் எல்லோருக்கும் பொது. அதில் உங்கள் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். எல்லா வீடுகளின் பாகத்தையும் கூட்டினால் மொத்த மனைப் பரப்பு வருகிறதா என்று பாருங்கள். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாளில் பேரம் பேச உங்கள் கையில் இருப்பது அந்த எண்தான்.

கூட்டு நிறுவனத்தின் (பார்ட்னர்ஷிப்) பெயரில் வாங்கிய இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: நிறுவனம் இருக்கும்வரை பங்குதாரர் யாரும் அதில் ‘இந்த மூலை என்னுடையது’ என்று கேட்க முடியாது. அவருக்கு இருப்பது நிறுவனத்தின் லாபத்திலும், கலைத்தபின் மிஞ்சும் தொகையிலும் உள்ள உரிமை. நண்பர்கள் சேர்ந்து தொழிலுக்காக வாங்கும் இடம் என்றால் ஆட்கள் பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலா என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

படி 3: யார் பெயரைச் சேர்ப்பது என்று யோசியுங்கள்

பாசத்தில் பெயர் சேர்ப்பது நம் வழக்கம். பணம் போடாத அம்மா பெயரையோ தம்பி பெயரையோ சேர்த்தால் அது பினாமி ஆகுமா என்று கேட்கிறார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரில், கணக்குக் காட்டிய வருமானத்தில் வாங்கினால் பினாமி ஆகாது. உடன்பிறந்தவர், பெற்றோர் என்றால், அவர்களோடு உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்து, பணம் கணக்கில் வந்ததாக இருந்தால் விலக்கு உண்டு. உங்கள் பெயரே இல்லாமல் முழுக்கத் தம்பி பெயரில் வாங்குவது ஆபத்து. நண்பர் பெயருக்கு இந்த விலக்கு கிடையாது.

சிறுவர் பெயரைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்துச் சிறுவரின் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ இயற்கைக் காப்பாளரான தந்தைக்கும் தாய்க்கும்கூட நீதிமன்ற அனுமதி வேண்டும். அவசரத்துக்குக் கடன் வாங்கப் போனால் வங்கி அந்த இடத்தில் நிறுத்திவிடும்.

வீட்டுக்கடன் வாங்கினால், கூட்டு உரிமையாளர் எல்லோரையும் கடனிலும் சேர வங்கிகள் பெரும்பாலும் கேட்கும். பழைய வருமானவரி முறையில் இருக்கும் கணவன் மனைவி இருவரும் உரிமையாளர்களாகவும் கடன்தாரர்களாகவும் இருந்து, தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியும் கட்டினால், ஆளுக்கு 2 லட்சம் ரூபாய்வரை கழிவு கேட்கலாம். அதற்கும் பங்கு எழுத்தில் இருப்பது உதவும்.

படி 4: பத்திரத்தில் பங்கை எழுதுங்கள்

ஆவண எழுத்தர் தரும் வரைவில் பெரும்பாலும் ‘தாங்கள் இருவரும் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று மட்டும் இருக்கும். அதோடு விடாதீர்கள். மேலே சொன்ன அக்கா, தம்பிக்கு இப்படி எழுதலாம்:

‘கிரையத் தொகை ரூ. 60,00,000-இல் தங்களில் முதலாமவர் ரூ. 40,00,000-மும் இரண்டாமவர் ரூ. 20,00,000-மும் தத்தம் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தியுள்ளபடியால், முதலாமவர் மூன்றில் இரண்டு பாகமும் இரண்டாமவர் மூன்றில் ஒரு பாகமும் பிரிபடாத பாகமாக அடைந்து, ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’

கூடவே காசோலை எண், பரிமாற்ற எண், தேதி எல்லாம் பத்திரத்திலேயே வரட்டும். பணம் குறைவாகப் போட்டவருக்கும் சமபங்கு தரத்தான் ஆசை என்றால் ‘சமபாகமாக’ என்று எழுதிவிடுங்கள், அதுவும் சரி. எழுதாமல் விடுவதுதான் தப்பு.

பத்திரத்துக்குள் அடங்காத விஷயங்களுக்கு உரிமையாளர்கள் தங்களுக்குள் தனியே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது. சொத்து வரி யார் கட்டுவது, வாடகை எப்படிப் பிரிப்பது, மாடி கட்டினால் அது யாருடையது, ஒருவர் விற்க நினைத்தால் முதலில் மற்றவரிடம் கேட்க வேண்டுமா, விலையை யார் மதிப்பிடுவது என்பதெல்லாம் அதில் வரலாம். பொது மனையில் ஒருவர் மட்டும் தன் செலவில் வீடு கட்டுவதுதான் நம் வீடுகளில் பெரும் சண்டைக்கு வித்து. ஒருவர் கட்டினார் என்பதால் மனையில் மற்றவர் பங்கு குறையாது. கட்டுவதற்கு முன்னால் மனையைப் பிரித்துக்கொள்வதுதான் நல்லது.

கிரையம் 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், விவசாய நிலம் தவிர மற்றவற்றில், வாங்குபவர் 1 சதவீத வரி பிடித்துக் கட்ட வேண்டும். மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேர் ஆளுக்கு 30 லட்சம் போட்டாலும் வரி உண்டு.

படி 5: பதிவுக்குப் பின் செய்ய வேண்டியவை

பதிந்தபின் புதிய வில்லங்கச் சான்று எடுத்து, எல்லா உரிமையாளர்களின் பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா மாறுதல், சொத்து வரி, மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றுங்கள். அப்புறம் அவரவர் உயில். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பத்திரம் கைக்கு வந்த அதே மாதத்தில் எழுதிவிடுங்கள்.

படி 6: ஒருவர் தன் பங்கை விற்கும்போது

பங்கை விற்க மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை. ஆனால் வாங்குகிறவருக்குக் கிடைப்பது என்ன? பிரிக்காத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் வெளியாள் ஒருவர் பங்கு வாங்கினால், உள்ளே வந்து கூடக் குடியிருக்க அவருக்கு உரிமையில்லை என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 44. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 4 அதற்கு வழி தருகிறது. வாரிசுரிமையில் வந்த சொத்தை முதல் வகுப்பு வாரிசு ஒருவர் விற்க முன்வந்தால், உடன் வாரிசுகளுக்கு முன்னுரிமையும் உண்டு (இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 22). ஆகவே, ‘பாதி விலைக்குப் பிரிபடாத பங்கு வருகிறது’ என்று யாராவது சொன்னால், எதனால் பாதி விலை என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

‘நான்தான் இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அதனால் எனக்கே சொந்தம்’ என்ற வாதம் கூட்டு உரிமையாளர்களுக்குள் லேசில் எடுபடாது. ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும். மற்றவருடைய உரிமையை வெளிப்படையாக, அவருக்குத் தெரியும்படி மறுத்து, அதற்குப் பின் 12 ஆண்டுகள் கழிந்தால்தான் பேச்சு வேறு.

படி 7: பிரிந்து போவது

சுமுகமாகப் பிரிய மூன்று பத்திரங்கள் உண்டு. நிலத்தையே அளந்து பிரித்தால் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவர் விலகி, தன் பங்கை மற்ற உரிமையாளருக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் அன்பின் பேரில் கொடுத்தால் செட்டில்மென்ட். விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே பங்கு உள்ளவருக்குத்தான் எழுத முடியும். வெளியாளுக்கு என்றால் அது கிரையமோ தானமோதான்.

தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் இந்த மூன்றுக்கும் கட்டணச் சலுகை உண்டு. முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் 2023 ஜூலையில் வைத்த உச்சவரம்பு முறையே 40,000 ரூபாய், 10,000 ரூபாய். குடும்பத்துக்கு வெளியே இந்த வரம்பு கிடையாது, செலவு பல மடங்கு கூடும். யார் யாரைக் குடும்பமாக எடுத்துக்கொள்கிறார்கள், இன்றைய கட்டணம் என்ன என்பதைப் பதிவுக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒவ்வொருவர் பாகத்துக்கும் தனித்தனித் தபசில் (சொத்து விவரப் பட்டியல்), நான்கெல்லை, அளவு, வரைபடம் வேண்டும். பொதுவாக விட்டுவிடும் பாதையின் அகலம், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் முறை, மோட்டார், சாக்கடை வழி எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘வழக்கம்போல்’ என்று எழுதுவது இருபது வருஷம் கழித்து யாருக்கும் புரியாது. வெளியூரில் இருக்கும் சகோதரியை ‘அப்புறம் சொல்லிக்கலாம்’ என்று விட்டுவிட்டுப் பதியாதீர்கள். பங்கு உள்ள ஒருவரை விட்டுவிட்டுச் செய்த பாகம் அவரைக் கட்டுப்படுத்தாது. பத்திரமே வழக்கில் போய் நிற்கும்.

பேசித் தீராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் பாக வழக்கு. பொதுவாக எந்தப் பங்குதாரரும் எப்போதும் கேட்கலாம். நீங்கள் கூட்டு அனுபவத்தில் இருந்தால் நீதிமன்றக் கட்டணம் குறைவு. உங்களை வெளியேற்றியிருந்தால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். வழக்கு இரண்டு கட்டமாக நடக்கும். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை முதலில் வரும். பிறகு வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் நில அளவையரோடு வந்து அளந்து அறிக்கை தருவார். அதை வைத்து இறுதித் தீர்ப்பாணை வரும். முதல்நிலைத் தீர்ப்பாணையிலேயே ஜெயித்துவிட்டோம் என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இறுதித் தீர்ப்பாணையும் வந்தால்தான் நிலம் கைக்கு வரும்.

பிரிக்கவே முடியாத சின்ன வீடு என்றால், பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்றுப் பணமாகப் பிரிக்கச் சொல்லலாம். மற்றவர்கள் அந்தப் பங்கை மதிப்பிட்ட விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்ளவும் அனுமதி கேட்கலாம்.

இறுதித் தீர்ப்பாணையை உரிய முத்திரைத் தாளில் எழுதி வாங்கினால்தான் அதை நிறைவேற்ற முடியும். அதையோ பாகப்பிரிவினைப் பத்திரத்தையோ வைத்து உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். அளவையர் வரும் நாளில் பக்கத்துப் பாகக்காரரும் கூட இருக்கட்டும். தனிப் பட்டா வந்ததும் புதிய உட்பிரிவு எண்ணையும் பரப்பையும் பத்திரத்தோடு வைத்துச் சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால், அடுத்த கிரையம் நடப்பதற்கு முன்பே திருத்தம் கேட்டு மனுக் கொடுத்துவிடுங்கள்.